கிலோமீட்டரை நம்பிக் கெட்டோம்: 14 ஆண்டு பஸ் பராமரிப்பு அனுபவம்

சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகங்களுக்கு ஊழியர்களை ஏற்றி இறக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2011இல் 6 பஸ்கள் இருந்தன, இப்போது 18. பெரம்பூர், ஆவடி, தாம்பரம் என்று காலை ஐந்தரைக்கே கிளம்பி சோழிங்கநல்லூர், சிறுசேரி வரை போகும். நான் முதலாளி அல்லன். வண்டி வாங்கும்போது கருத்துச் சொல்வதும், அது வழியில் நின்றால் திட்டு வாங்குவதும் என் பங்கு.

முதல் நான்கு ஆண்டுகள் கையேட்டில் போட்டிருந்தபடியே பராமரித்தோம். இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு எண்ணெய், இத்தனைக்கு வடிகட்டி, இத்தனைக்கு பிரேக் லைனிங் என்று ஒரு நோட்டு. அதில் ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் எஞ்சின்கள் வயதுக்கு மீறிக் கிழடு தட்டின. திருச்சி பக்கம் அதே வகை வண்டிகளை ஓட்டும் நண்பர் ஒருவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. இருவர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் விஷயம் புரிந்தது. அவர் வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் சராசரியில் ஓடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓட 200 மணி நேரம் போதும். எங்கள் வண்டிக்குச் சராசரி 15. அதே 10,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் கிட்டத்தட்ட 667 மணி நேரம் உழைத்திருக்கிறது. மத்திய கைலாஷிலும் டைடல் பார்க்கிலும் நின்றுகொண்டே எரித்த டீசலை கிலோமீட்டர் மீட்டர் எழுதி வைப்பதில்லை.

எஞ்சின் ஓடிய நேரத்தை எண்ணும், ஜெனரேட்டர்களில் இருக்கும் மணி மீட்டரை வாங்கி எல்லா வண்டியிலும் பொருத்தி, எண்ணெயை அந்தக் கணக்கில் மாற்றத் தொடங்கினோம். முதலாளி சிரித்தார். எண்ணெய்ச் செலவு ஏறியபோது சிரிப்பு நின்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒரு எஞ்சினைக்கூடப் பிரிக்கவில்லை என்றானதும் அந்தப் பேச்சே எழவில்லை.

கிளட்ச் பிளேட் கதையும் இதுதான். நெரிசலில் கிளட்ச் மீதே காலை வைத்து ஊர்ந்து போகும் ஓட்டுநரிடம் ஒரு பிளேட் படும் பாடு சொல்லி முடியாது. பயிற்சி கொடுத்தோம். தேய்மானம் கொஞ்சம் குறைந்தது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகச் சாலையை அடைத்தபின் மறுபடி ஏறிவிட்டது. ஓட்டுநரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

2020 ஏப்ரலில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்த பிறகு வாங்கிய வண்டிகள் தனி இனம். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரி எரிய வேண்டுமானால் புகை நன்றாகச் சூடாக வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விட்டு ஓட்டினால் தானாக எரிந்துவிடும். பெருங்குடியில் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் நடுவே தவிக்கும் வண்டியில் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? மஞ்சள் விளக்கு எரியும். ஓட்டுநர், “மாலையில் சொல்லிக்கொள்ளலாம்” என்று விட்டுவிடுவார். மூன்றாம் நாள் வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டு மாட்டு வண்டியாகிவிடும்.

இப்போது விளக்கு எரிந்த அன்றே வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, பொத்தானை அழுத்தி, அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் கரியை எரிக்கிறோம். அப்போது புகைக்குழாய் கொதிக்கும். கீழே காய்ந்த சருகோ சாக்கோ கிடக்கக் கூடாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கருகிய சாக்கின் நாற்றம்தான் சொல்லித் தந்தது.

இன்னொன்று முழுக்க எங்கள் தவறு. பழைய வண்டிகளுக்கு வாங்கிய எண்ணெய் பீப்பாய் பாதி மீதம் இருந்தது. வீணாக்குவானேன் என்று புதிய வண்டிக்கும் அதையே ஊற்றினோம். பிஎஸ் 6 எஞ்சினுக்கு, எரிந்தால் சாம்பல் குறைவாக விடும் எண்ணெய்தான் ஆகும். கரி எரியும், சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கி அடைத்துக்கொண்டது. மிச்சம் பிடித்த எண்ணெயைப் போல இருபது பீப்பாய் வாங்கியிருக்கலாம், அந்த வடிகட்டிக்குக் கொடுத்த பணத்தில்.

தரை உயரம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சாதாரண பஸ்ஸின் தரை சாலையிலிருந்து 900 மில்லிமீட்டர், நடுத்தர உயர வண்டி 650, தாழ்தளம் 400. மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2024இல் இறக்கிய தாழ்தள பஸ்ஸில் என் அம்மா கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினார். முழங்கால் தேய்ந்தவருக்கு அது என்னவென்று தெரியும். நாங்கள் வாங்கியது 650 உயரத்தில், பின்பக்க எஞ்சினோடு இரண்டு. அக்னி நட்சத்திரத்தில் ஓட்டுநரின் தொடையைச் சுடும் எஞ்சின் மூடி இல்லை, அவருக்குக் கொண்டாட்டம். ஆனால் எஞ்சின் 11 மீட்டர் பின்னால் இருப்பதால் அது முனகுவது அவர் காதில் விழாது. முன்பக்க எஞ்சின் வண்டியில், “சார், சத்தம் வேறு மாதிரி இருக்கிறது” என்று அவர்களே வந்து சொல்வார்கள். பின்பக்க எஞ்சினில் பெல்ட் அறுந்து வெப்பம் ஏறிய பிறகுதான் தெரிந்தது. வாரம் ஒரு முறை மெக்கானிக் பின்னால் உட்கார்ந்து போய்வருவது அதனால்தான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைத் தண்ணீரில் நான்கு வண்டிகள் இறங்கின. வெளியே கழுவியதோடு விட்டுவிடக் கூடாது. பின் அச்சின் பல்சக்கரக் கூட்டில் (ஹவுசிங்) உள்ள எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மூன்றைப் பார்த்தோம். நான்காவது அன்று இரவே ஓடப் போய்விட்டது, பிறகு மறந்துவிட்டோம். மார்ச் மாதம் அதன் பின் அச்சு ஊளையிட ஆரம்பித்தது.

கடற்காற்றின் ஈரத்துக்கு ஒரே மருந்து, தினமும் பிரேக்குக்குக் காற்றைச் சேர்த்து வைக்கும் ஏர் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வடிப்பது. இரண்டு நிமிட வேலை. தட்டிக்கழிக்கப்படுவதும் அதுவே முதலில். டயர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: பின்னால் ரீட்ரெட் (தேய்ந்த டயருக்குப் புது மேல்பட்டை ஒட்டியது) போடுகிறோம், முன்னால் ஒருபோதும் இல்லை.

2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மாநகர மின்சார பஸ்கள் கிளம்பியபின் முதலாளிக்கும் ஆசை வந்திருக்கிறது. எனக்கும்தான். சிக்னலில் நிற்கும்போது ஏ.சி. போன்றவை மட்டும் மின்சாரம் குடிக்கும். எஞ்சின் என்று ஒன்று சும்மா சுற்றிக்கொண்டிருக்காது. ஆனால் எங்கள் கொட்டகைக்கு அத்தனை மின் இணைப்பு வாங்குவதற்குள் இன்னும் இரண்டு டீசல் வண்டிகளாவது தேவைப்படும். போன வாரம் வந்த விற்பனையாளரிடம் அந்தக் கரி வடிகட்டியைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். “கவலையே வேண்டாம் சார், வாரம் ஒரு நாள் வண்டியை நெடுஞ்சாலையில் விட்டு ஓட்டுங்கள்” என்றார். சிறுசேரியிலிருந்து பெரம்பூர் வண்டியில் ஏறி அவரையே ஒரு நாள் வீடு போய்ச் சேரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.