சோம் போர்க்களத்தில் ஒரு நாள்: வேன் சுமார், வழிகாட்டி பிரமாதம்

அப்பா பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் ஓவர்சியர். வாய்க்கால், மதகு, கரை என்று மண்ணோடே கிடந்தவர். என்னைப் பார்க்க பாரிஸ் வந்தவரை ஈஃபில் கோபுரத்துக்குக் கூட்டிப்போனேன். "எல்லாம் ரிவெட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வேறு எங்கே கூட்டிப்போவது என்று யோசித்துத்தான் முதல் உலகப் போர் நடந்த சோம் பகுதிக்கு ஒரு நாள் டூர் புக் செய்தேன். ஆளுக்கு 120 யூரோ. ஆமியன் ரயில் நிலையத்தில் ஏற்றிக்கொண்டு, மாலை அங்கேயே இறக்கிவிடுவார்கள். நடத்துபவர் பெயரைச் சொல்லவில்லை, காரணம் கீழே வரும்.

ஒன்பது மணிக்கு என்றார்கள், வேன் வந்தது ஒன்பதரை தாண்டி. எட்டுப் பேர்தான் என்று எழுதியிருந்தார்கள், பத்துப் பேர் இருந்தோம். நடு இருக்கைதான் கிடைத்தது, அப்பாவின் முழங்கால் முன் சீட்டில் இடித்துக்கொண்டே வந்தது. ஒரு மன்னிப்புகூடக் கிடையாது. பாதி எரிச்சலோடுதான் முதல் இடத்தில் இறங்கினேன்.

அது லா ப்வாசெல் கிராமத்துப் பக்கம் இருக்கும் லாக்னகார் பள்ளம். 1916 ஜூலை 1, இங்கே பிரிட்டிஷ் படை ஜெர்மானியர்கள் மேல் பெரும் தாக்குதல் தொடங்கிய நாள், காலை 7:28. பிரிட்டிஷ் சுரங்கப் படை ஜெர்மன் வரிசைக்கு அடியில் வைத்த சுமார் 27 டன் அம்மோனல் வெடிமருந்து வெடித்த இடம். 21 மீட்டர் ஆழம், கரையோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 100 மீட்டர் அகலம். விளிம்பில் நின்றால் எதிர்க்கரையில் நடப்பவர்கள் பொம்மை மாதிரி தெரிகிறார்கள். ஆனால் வழிகாட்டி பள்ளத்தைப் பற்றிப் பேசியதைவிடத் தோண்டியதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். எதிரிக்குச் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று, தரையில் மண்மூட்டைச் சாக்கு விரித்து, வெறுங்காலோடு வேலை செய்தார்களாம். பிடி போட்ட துப்பாக்கிக் கத்தியால் சுண்ணாம்புப் பாறையை நெம்புவார் ஒருவர், பெயர்ந்த கட்டி கீழே விழாமல் கையில் ஏந்துவார் இன்னொருவர். ஒரு நாளைக்கு 18 அங்குலம். நான் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பாவின் முகம் மாறியது. "ஒண்ணரை அடியா? எங்க ஆபீஸ்ல மெமோ கொடுத்துருப்பான்" என்றார். அதற்கப்புறம் அவர் முழங்காலைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்தது போமோன்-அமெல். இந்த ஓர் இடத்துக்காகவே 120 யூரோ தரலாம். நியூஃபவுண்ட்லாந்து படைப்பிரிவின் நினைவுப் பூங்கா. நியூஃபவுண்ட்லாந்து அப்போது கனடாவோடு சேராத தனி நாடு, பிரிட்டிஷ் படையில் சேர்ந்து போரிட்டது. சிப்பாய்கள் பதுங்கி நின்று சுட வெட்டிய நிஜ ட்ரெஞ்சுகள் புல் மூடிக் கிடக்கின்றன. நூறு வருடத்தில் கரை சரிந்து, நம்மூரில் தூர்வாராத வாய்க்கால் மாதிரிதான் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், சுடுவதற்கு ஏறி நிற்க ஒரு படி வெட்டியிருப்பார்கள், கீழே சேற்றின் மேல் மரச்சட்டப் பலகை போட்டிருப்பார்கள்.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "ஏன் இப்படி வளைச்சு வளைச்சு வெட்டிருக்கான்? நேரா வெட்டினா வேலை மிச்சமாச்சே." நான் மொழிபெயர்த்ததும் வழிகாட்டி பதிலே சொல்லவில்லை. ட்ரெஞ்சுக்குள் நடந்து போய் முதல் திருப்பத்தில் திரும்பினார். ஆள் காணாமல் போனார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது: ஒரு ஷெல் உள்ளே விழுந்தால் சிதறல் இந்தத் திருப்பத்தோடு நிற்கும், எதிரி உள்ளே குதித்தாலும் வரிசை முழுக்கச் சுட முடியாது.

பிறகு பையிலிருந்து இரண்டு சாமான் எடுத்தார். ஒன்று, கோலிக்குண்டு அளவில் ஒரு ஈயக் குண்டு. தாக்குதலுக்கு முன் ஒரு வாரம் பிரிட்டிஷ் பீரங்கிகள் சுமார் 15 லட்சம் ஷெல் அடித்தன. அதில் நிறைய இந்தக் குண்டுகளைத் தூவுகிற வகை. வெட்டவெளியில் நிற்கும் ஆளைக் கொல்லும், முள்கம்பியை அவ்வளவாக அறுக்காது. வெடிக்காமல் போனவையும் ஏராளம். ஜெர்மானியர்களோ சுண்ணாம்பைக் குடைந்து ஆழத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது, பன்றிவால் மாதிரி முறுக்கிய இரும்புக் கழி. முள்கம்பி கட்டுவதற்கு. அப்பா வாங்கித் திருப்பிப் பார்த்து, யாரும் விளக்குவதற்கு முன்பே, "திருகி இறக்குறதுக்கு. ராத்திரியில சுத்தியால அடிச்சா சத்தம் கேட்டுச் சுட்டுருவான்ல?" என்றார். வழிகாட்டி அவருக்குக் கை கொடுத்தார். பதினைந்து வருடத்தில் இதைத் தானாகச் சொன்னவர்கள் ரொம்பக் குறைவு என்றார். டூரிஸ்டுக்குச் சொல்கிற வார்த்தையோ என்னவோ, அப்பா அன்று முழுக்க ஒரு அங்குலம் உயர்ந்தே நடந்தார்.

அந்த ஜூலை 1 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களால் தங்கள் முன்வரிசை வரைக்கும்கூடப் போக முடியவில்லை. போகிற ட்ரெஞ்செல்லாம் பிணமும் காயம்பட்டவர்களுமாக அடைத்திருந்ததால், பின்வரிசையிலிருந்தே மேலேறித் திறந்த வெளியில் நடந்தார்கள். ஏறக்குறைய 800 பேர். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68. அவர்கள் நடந்த சரிவை நாங்களும் நடந்தோம். எவ்வளவு சின்ன இடம் என்பதுதான் என்னால் நம்ப முடியாமல் இருந்தது. எதிரி வரிசை கண்ணுக்கு எட்டுகிற தூரம், ஒரு பள்ளிக்கூட மைதானத்தை இரண்டு மூன்று தரம் தாண்டுகிற அளவு. அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் மட்டும் 19,240 பேர். வெடிக்காத குண்டு இன்னும் மண்ணில் இருப்பதால் கயிறு கட்டிய பகுதிக்குள் செம்மறி ஆடுகளை மட்டும்தான் விடுகிறார்கள்.

மதியச் சாப்பாடு தண்டம். கூட்டிப்போன கஃபேயில் சைவம் என்றால் உருளைக்கிழங்கு வறுவலும் சாலட் இலையும்தான், 14 யூரோ. புளிசாதம் கட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

அங்கே ஓடிய நேரத்தால் தியெப்வாலில் 25 நிமிடம்தான். இதுதான் என் பெரிய குறை. உடல் கிடைக்காத, அல்லது அடையாளம் தெரியாத 72,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் வெட்டிய 45 மீட்டர் உயர நினைவு வளைவு அது. கட்டியவர் லட்யன்ஸ். "டில்லி இந்தியா கேட் கட்டினவரா?" என்று அப்பா கேட்டார், அவரேதான். யாருடைய எலும்பாவது அடையாளம் தெரிந்து புதைக்கப்பட்டால் அந்தப் பெயரைக் கல்லிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அப்படி எடுத்த வெற்றிடத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் ஹார்ன் அடித்துவிட்டார்.

வழிகாட்டிக்கு ஐந்துக்கு ஐந்து. வேன், நேரம், சாப்பாடு மூன்றுக்கும் சேர்த்து இரண்டு. போகிறவர்கள் அவரிடமே நேரில் பேசி நாலு பேராகத் தனி வண்டி கேட்டுப் பாருங்கள். பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள், சுண்ணாம்புச் சேறு லேசில் போகாது. அப்பாவுடையதை மூன்று தரம் தேய்த்தும் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது.