ஏதென்ஸில் ஒரு சாக்ரடீஸ் நடை: மூன்று மணி நேரம் அருமை, கடைசி அரை மணி நேரம் வீண்

போன மாதம் ஏதென்ஸில் நான்கு நாள் இருந்தோம். அதில் ஒரு காலை முழுக்க, சாக்ரடீஸ் நடமாடிய இடங்களை நடந்தே காட்டும் சுற்றுலாவுக்குக் கொடுத்தேன். ஆளுக்கு 45 யூரோ, அகோராவின் (பழைய ஏதென்ஸின் சந்தைச் சதுக்கம்) நுழைவுச்சீட்டு தனி, மூன்றரை மணி நேரம், மொத்தம் பன்னிரண்டு பேர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வழிகாட்டியாக வந்த பெண்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, கோபமெல்லாம் கடைசிப் பகுதியை அப்படித் திட்டம் போட்டவர்கள்மேல்தான்.

மொனாஸ்டிராகி ரயில் நிலைய வாசலில் கூடினோம். நான் நேரே அகோராவுக்குள் கூட்டிப்போவார்கள் என்று நினைத்திருந்தேன், வழிகாட்டியோ அட்ரியானூ தெருவில் உணவக மேசைகளை ஒட்டிய ஒரு கம்பித் தடுப்பில் எங்களை வரிசையாக நிறுத்தினார். கீழே எட்டிப் பார்த்தால் பள்ளம், அதில் கொஞ்சம் கல். ரயில் பாதை போட்டபோது அகோரா இரண்டாகப் பிரிந்துவிட்டது, இந்தப் பக்கம் சிக்கிக்கொண்டது மத வழக்குகளைக் கவனித்த அதிகாரியின் அரச மண்டபம், 1970இல்தான் தோண்டி எடுத்தார்கள். கி.மு. 399இல் மெலிட்டஸ் கொடுத்த புகாரின் முதல் விசாரணைக்கு 70 வயதுக் கிழவர் சாக்ரடீஸ் வந்து நின்றது இங்கேதான். நகரத்தின் கடவுள்களை மதிக்கவில்லை, புதுத் தெய்வங்களைக் கொண்டுவருகிறார், இளைஞர்களைக் கெடுக்கிறார் என்பது புகார். கூடவே அனிட்டஸ், லைகான் என்று இன்னும் இருவர். வழிகாட்டி இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ரயில் தடதடவென்று போனது, பாதி காதில் விழவில்லை. ஆனால் வழக்கிலிருந்து தொடங்கியது நல்ல யோசனை. ஆள் சாகப்போகிறார் என்று தெரிந்துகொண்டே அவர் வாழ்க்கையைக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது.

சாக்ரடீஸின் வாழ்க்கைக் கதையை வழிகாட்டி நடந்துகொண்டே சொல்லிவிட்டார். அப்பா கல்தச்சர், அம்மா மருத்துவச்சி, மனைவி சாந்திப்பி, மூன்று பையன்கள். தன் கைப்பட ஒரு வரி எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைத்ததெல்லாம் அவருடைய சீடர்கள் பிளாட்டோ எழுதியது, செனஃபோன் எழுதியது, அப்புறம் கி.மு. 423இல் அரிஸ்டோஃபனீஸ் மேடையேற்றிய கேலி நாடகம். ஒரே மனிதரைப் பற்றி மூன்று பேர், மூன்று விதம். எது நிஜம் என்று குழுவில் ஒருவர் கேட்டதற்கு, நீங்கள் எந்த நண்பரிடம் விசாரிக்கிறீர்களோ அதைப் பொறுத்தது என்று சிரித்தார்.

45 யூரோவுக்கு உண்மையிலேயே மதிப்பாக இருந்தது சிமோனின் செருப்புக் கடைதான். அகோராவின் தென்மேற்கு மூலையில் ஒரு எல்லைக்கல் இருக்கிறது, ‘நான் அகோராவின் எல்லை’ என்று கல்லே பேசுவதுபோல எழுத்து. அதற்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் அடித்தளம். அங்கே தோண்டியபோது செருப்பு ஆணிகளும், கயிறு கோக்க எலும்பில் செய்த வளையங்களும், சிமோனுடையது என்று கீறிய ஒரு கறுப்புக் கிண்ணத்தின் அடிப்பகுதியும் கிடைத்தன. சிமோன் என்ற செருப்புத் தொழிலாளியின் கடையில் சாக்ரடீஸ் உட்கார்ந்து பேசுவார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. காலில் செருப்பே போடாமல் திரிந்த மனிதர் செருப்புக் கடையில் என்ன செய்தார் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வழிகாட்டி எங்களை அந்த வெயிலில் நிற்கவைத்து ஆரம்பித்தார்: தைரியம் என்றால் என்ன?

ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் குழுவில் இருந்தார். உடனே சொன்னார், அணியை விட்டு ஓடாமல் நிற்பது. வழிகாட்டி விடவில்லை: சரி, கி.மு. 424இல் டீலியம் போரில் ஏதென்ஸ் படை மொத்தமும் பின்வாங்கியது, சாக்ரடீஸும் பின்வாங்கினார், ஆனால் சுற்றிலும் பார்த்தபடி நிதானமாக நடந்து வந்தார், அவர் கோழையா? இல்லை இல்லை, பயப்படாமல் இருப்பதுதான் தைரியம். பயம் என்றால் என்னவென்றே தெரியாத குழந்தை தைரியசாலியா? அவர் வாயை மூடிக்கொண்டார். அவருடைய மனைவி மெதுவாக, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்திருப்பது என்றார். அப்படியானால் நாம் பேசிக்கொண்டிருப்பது தைரியத்தைப் பற்றியா, அறிவைப் பற்றியா? மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. விடை தெரிந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள் அம்மா என்றார். வழிகாட்டி சொல்லவில்லை. அடுத்த பத்து நிமிடம் அந்த மனிதர் யாரோடும் பேசாமல் தனியாக முன்னால் நடந்தார். அம்மாவின் தொழிலைத்தான் தானும் செய்வதாக, பிறருடைய எண்ணங்களுக்குப் பிரசவம் பார்ப்பதாக சாக்ரடீஸ் சொல்லிக்கொண்டார் என்பது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். பிரசவ வலி எப்படி இருக்கும் என்று அந்த முகத்தில்தான் பார்த்தேன்.

அட்டலோஸ் மண்டபத்தில் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெறும் 25 நிமிடம். கொடுமை. நீதிமன்றத்தில் பேச்சு நேரத்தை அளந்த தண்ணீர்க் கடிகாரம் ஒன்று அங்கே இருக்கிறது, அடியில் சின்னத் துளை உள்ள மண்பானை, 6.4 லிட்டர் கொள்ளும், ஆறு நிமிடத்தில் வடிந்துவிடும். அதன் பக்கவாட்டில் அந்தியோகிஸ் என்று குலத்தின் பெயர் இருக்கிறது. சாக்ரடீஸ் அந்தக் குலத்துக்காரர்! ஏதென்ஸில் நகர மன்றத்தை நடத்தும் பொறுப்பு ஒவ்வொரு குலத்துக்கும் முறைவைத்து வரும். கி.மு. 406இல் அந்தியோகிஸ் குலத்தின் முறை வந்தபோது அவர் மன்றத்தில் இருந்தார், அர்கினூசே கடற்போர்த் தளபதிகளை மொத்தமாக ஒரே வாக்கெடுப்பில் தண்டிப்பது சட்டவிரோதம் என்று பிடிவாதமாக மறுத்தார். அவர் பேச்சு எடுபடவில்லை, ஆறு பேரைக் கொன்றார்கள். இதை வழிகாட்டி சொல்லவே இல்லை. பானையைக் காட்டிவிட்டு அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார்.

அடுத்த அலமாரியில் வெண்கல வாக்கு வில்லைகள், நடுவில் ஒரு குச்சி, துளையுள்ளது வழக்குப் போட்டவருக்கு, துளையில்லாதது எதிராளிக்கு, விரலால் முனைகளை மூடிப் பிடித்தால் யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாது. இவற்றை வைத்துத்தான் சாக்ரடீஸுக்குத் தீர்ப்பு சொன்னார்கள் என்பதுபோல ஒரு தொனியில் பேசினார். வில்லைகள் அந்த வழக்குக்குப் பிந்தியவை, அதைச் சொல்லியிருக்கலாம்.

வழக்கின் கணக்கை மட்டும் அழகாகச் சொன்னார். ஏறக்குறைய 500 நடுவர்கள், நாள் கூலி மூன்று ஓபோல், அதாவது அரை டிராக்மா. முப்பது வாக்கு இந்தப் பக்கம் மாறியிருந்தால் விடுதலை. குற்றவாளி என்றானதும், என்ன தண்டனை வேண்டும் என்று அவரையே கேட்டார்கள். ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்குப் போடுவதுபோல அரசு செலவில் எனக்குச் சாப்பாடு போடுங்கள் என்றார். அப்புறம் இறங்கி வந்து, என்னிடம் இருப்பது ஒரு மினா, அதைக் கட்டுகிறேன் என்றார். ஒரு மினா என்றால் 100 டிராக்மா, தொழில் தெரிந்த ஆளுக்குச் சுமார் நூறு நாள் கூலி. நண்பர்கள் பதறிப்போய் முப்பது மினாவுக்குப் பொறுப்பேற்றார்கள், ஆனால் அதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

சரி, கடைசி அரை மணி நேரத்துக்கு வருகிறேன். அகோராவை விட்டு வெளியே வந்து ஃபிலோபப்போஸ் குன்றுக்கு ஏற்றினார்கள். மரங்களுக்கு நடுவில் பாறையைக் குடைந்த அறைகள், இரும்புக் கம்பி போட்டு மூடியிருக்கிறது, சாக்ரடீஸின் சிறை என்று பெயர். இது அவருடைய சிறை இல்லை. பிற்காலத்தில் யாரோ வைத்த பெயர். இரண்டாம் உலகப் போரில் தொல்பொருட்களை ஜெர்மானியர் கண்ணில் படாமல் இந்தக் குகைக்குள் மறைத்து வைத்தார்கள், அந்தக் கதையே தனியாகச் சொல்லத் தகுந்தது. அதை விட்டுவிட்டு, காதில் மாட்டிய கருவியில் (காலையிலிருந்தே கரகரத்தது) பதிவு செய்த நாடகம் ஒன்றை ஓட்டினார்கள். சோக இசை, கோப்பை விழும் சத்தம், தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் இருமி இருமிச் சாகிறார்.

அப்படிச் சாகவில்லை. தீலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது விதி, அதனால் ஒரு மாதம் காத்திருந்தார். தப்பிக்க நண்பர் கிரீட்டோ ஏற்பாடு செய்தும் போகவில்லை. கடைசி நாளில், பிணத்தைக் கழுவும் வேலை பெண்களுக்கு வேண்டாம் என்று தானே குளித்துவிட்டு வந்தார். நஞ்சைக் குடித்தார், கால் கனக்கும்வரை நடந்தார், படுத்தார். சிறைப் பணியாளர் பாதத்தை அழுத்தி, உணர்வு இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றார். குளிர்ச்சி மெல்ல மேலேறியது. முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, அஸ்கிலிபியஸுக்கு (மருத்துவக் கடவுள்) ஒரு சேவல் கடன், மறக்காமல் கொடுத்துவிடு என்று கிரீட்டோவிடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. அன்று பிளாட்டோ உடம்பு சரியில்லாமல் அங்கே இல்லை, பிறர் வாயால் கேட்டு எழுதியதுதான் இவ்வளவும். இந்த அமைதியை இருமல் சத்தத்தால் கெடுத்தவர்களை என்ன சொல்வது?

5க்கு 3.5 கொடுக்கிறேன். போகிறவர்கள் பிடிமானமுள்ள காலணி போடுங்கள், தேய்ந்த பளிங்கு வழுக்கும். குன்று ஏறும் முன்பே வழிகாட்டிக்கு நன்றி சொல்லிவிட்டுக் கழன்றுகொள்ளலாம்.

மறுநாள் இன்னொரு சீட்டு வாங்கிக்கொண்டு தனியாக அருங்காட்சியகத்துக்குப் போனேன். அகோராவின் தென்மேற்கே 100 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கட்டடத்தைத்தான் அரசுச் சிறையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், அதில் குளிக்க வசதியுள்ள ஓர் அறையும் இருந்திருக்கிறது. அங்கே கிடைத்தவை 13 சின்ன மண் குப்பிகள், ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கூடவே ஓர் உடைந்த குட்டிப் பளிங்குச் சிலை, சாக்ரடீஸுடையதாக இருக்கலாம். முதல் நாள் எங்கள் குழு இவற்றை அரை நிமிடத்தில் தாண்டிப் போயிருந்தது.