பஞ்சுவின் சிறுநீர்ப் பிரச்சினை: நான்கு வருடத்தில் எது உதவியது, எது உதவவில்லை

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். பஞ்சு, 7 வயது, கருத்தடை செய்த ஆண். அம்மு, 14 வயதுக் கிழவி. இரண்டுக்குமே சிறுநீர்ப் பிரச்சினை வந்தது, திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் இரண்டும் ஒரே நோய் இல்லை. அது புரிவதற்குள் பஞ்சு பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

2021 தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் ஆரம்பித்தது. அவன் ஒன்றுக்குப் போகும் மணல் ட்ரேயை விட்டுவிட்டு பாத்ரூமில் போய்க் குந்தினான். முதுகைக் கூனிக்கொண்டு வெகுநேரம் முக்கினான். எழுந்து போன இடத்தில் வெள்ளை டைல்ஸ் மேல் மூன்றே சொட்டு, லேசான ரோஸ் நிறத்தில். அப்புறம் ட்ரே, மறுபடி பாத்ரூம், மறுபடி ட்ரே. அரை மணி நேரத்தில் எட்டு முறை. நடுநடுவே அடிவயிற்றுக்குக் கீழே விடாமல் நக்கிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் இருந்த கிளினிக்கில் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லி ஊசி போட்டு, ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஐந்து நாளில் சரியாகிவிட்டான். மருந்து கேட்டது என்று நம்பினோம். பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது திரும்ப வந்தது. மே மாதம் ஊரிலிருந்து குழந்தைகள் வந்து தங்கியபோது மூன்றாம் முறை. மூன்று முறையும் அதே மருந்து. சிறுநீரை ஒரு தடவைகூட பரிசோதிக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

2022 செப்டம்பரில் அடைப்பே வந்துவிட்டது. காலையிலிருந்து ஒரு சொட்டும் போகவில்லை. மலச்சிக்கலாக இருக்கும், விளக்கெண்ணெய் கொடுத்துப் பார் என்றார்கள் தெரிந்தவர்கள். இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து அந்தத் தவறைச் செய்யாதீர்கள். ஆண் பூனை முக்கிக்கொண்டே இருந்து ஒன்றும் வரவில்லை என்றால், அது ராத்திரி 2 மணியானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய விஷயம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். சளியும், சிறுநீரில் உண்டாகும் உப்புத் துகள்களான கிரிஸ்டலும் சேர்ந்து அதை அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும், ஓரிரண்டு நாளில் உயிரே போய்விடும். நாங்கள் சாயங்காலம் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவன் வாந்தியெடுத்துத் துவண்டிருந்தான். அடிவயிற்றில் சிறுநீர்ப்பை கெட்டியான உருண்டையாகக் கைக்குத் தட்டுப்பட்டது. மயக்கம் கொடுத்து, சிறுநீர் வடிய கதீட்டர் என்ற மெல்லிய குழாய் போட்டார்கள். மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள்.

அங்கே இருந்த டாக்டர்தான் முதல் தடவையாக, ஸ்கேனில் பார்த்தபடியே வயிற்றின் வழியாக ஊசி விட்டு சிறுநீர் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார். ட்ரேயிலிருந்து எடுத்தால் வெளிக் கிருமியும் கலந்துவிடும், ரிசல்ட்டை நம்ப முடியாது என்றார். கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. ஸ்ட்ரூவைட் என்ற வகைக் கிரிஸ்டல் கொஞ்சம், அவ்வளவுதான். கல் இல்லை.

"இது கிருமி இல்லம்மா. பை தானா வீங்குது. பயந்தா வீங்கும், தண்ணி கம்மியா குடிச்சா இன்னும் மோசமாகும். முன்னாடி மூணு தடவை வந்ததும் இதுவாத்தான் இருக்கும்" என்றார்.

இதற்கு இடியோபதிக் சிஸ்டைடிஸ் என்று பெயர், அதாவது காரணம் இன்னதென்று பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி. 10 வயதுக்குக் கீழே உள்ள பூனைகளுக்கு வரும் சிறுநீர்த் தொந்தரவில் பெரும்பாலும் இதுதான், கிருமித் தொற்று அபூர்வம். இதன் வலியும் ரத்தமும் பல சமயம் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். அடங்கியது தன்னால், பெயர் வாங்கியது ஆன்டிபயாடிக். பட்டாசு, பெயின்ட் வாசனை, புது ஆட்கள் என்று தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

சரி, அதன் பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதலில் தண்ணீர். எங்கள் அனுபவத்தில் முக்கால்வாசி பலன் இதில்தான். ட்ரை ஃபுட்டில் ஈரம் 10 சதவீதம் அளவுதான், வெட் ஃபுட்டில் 75 சதவீதத்துக்கு மேல். பூனைக்குத் தாகம் இயல்பாகவே குறைவு, அதனால் உலர்ந்த உணவின் பற்றாக்குறையை அது குடித்து ஈடுகட்டாது. பஞ்சு பிஸ்கெட் மாதிரி இருக்கும் ட்ரை ஃபுட்டிலேயே வளர்ந்தவன், வெட் ஃபுட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுவான். பட்டினி போட்டுப் பழக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடுமாம். அதனால் பழைய உணவின் மேல் ஒரு ஸ்பூன், மறுவாரம் இரண்டு ஸ்பூன் என்று மூன்று வாரம் பிடித்தது. இப்போது யூரினரி வகை வெட் ஃபுட்தான் சாப்பிடுகிறான். அதில் சங்கரா மீன் வேகவைத்த தண்ணீரை வெதுவெதுப்பாக இரண்டு ஸ்பூன் விடுவேன். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்கக் கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். வெறும் மீனையே முழு உணவாகக் கொடுப்பதும் சரியில்லை.

பலன் கண்ணுக்கே தெரிந்தது. முன்பு ட்ரேயில் சிறுநீர் பட்டு மணல் திரளும் கட்டிகள் நெல்லிக்காய் அளவில் இருக்கும், இப்போது எலுமிச்சைக்கும் மேலே. சிறுநீரின் அடர்த்தி (வெறும் தண்ணீருக்கு 1.000) அப்போது 1.055. 1.035க்குக் கீழே வைத்திருக்கச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் 1.030க்கு வந்தது.

தண்ணீர் ஃபவுன்டன் வாங்கினோம். ஒரு வாரம் வேடிக்கை பார்த்தான், பிறகு திரும்பவே இல்லை. வாய் அகலமான மண் சட்டியில்தான் குடிக்கிறான். கிரான்பெர்ரி மாத்திரை இரண்டு மாதம் கொடுத்தோம், ஒரு வித்தியாசமும் இல்லை. பூனைக்கு அது பலன் தரும் என்பதற்கு நல்ல ஆதாரமும் கிடையாது. நான் மறுபடி வாங்க மாட்டேன். பூனையை அமைதிப்படுத்த, சுவர் ப்ளக்கில் சொருகி வாசனை விடும் ஃபெரமோன் கருவி உதவியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, நிறுத்திவிட்டோம்.

ட்ரே விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு பூனைக்கு மூன்று ட்ரே, வேறு வேறு இடத்தில், மூடி இல்லாமல், வாசனை போடாத மணலோடு. முன்பு ஒரே ட்ரே வாஷிங் மெஷின் பக்கத்தில் இருந்தது. மெஷின் சுற்றும்போது அவன் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே உள் அறையைத் தயார் செய்துவிடுவோம். ஜன்னல் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே என் பழைய காட்டன் புடவையை மடித்துப் போட்டு ஒரு பொந்து. ட்ரேயும் சட்டியும் அங்கேயே. பயத்தைத் தணிக்க டாக்டர் எழுதிக் கொடுத்த கபாபென்டின் மருந்தை அவர் சொன்ன அளவில் கொடுப்போம். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

2022க்குப் பிறகு பஞ்சுவுக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தது. 2024ல் பக்கத்து மனையில் போர்வெல் போட்டபோது. வலி மருந்து மட்டும் கொடுத்தார்கள், நாலு நாளில் தேறிவிட்டான். ஆன்டிபயாடிக் இல்லை.

அம்முவின் கதை வேறு. அவளுக்கு வந்தது நிஜமான தொற்று. வயதான பூனைக்கு, அதிலும் பெண்ணுக்கு, சிறுநீரகம் தளர்ந்தால் சிறுநீர் நீர்த்துப்போய் கிருமி வளர வசதியாகிவிடும். கல்ச்சரில் ஈ.கோலை என்ற கிருமி வந்தது. எந்த மருந்துக்கு அது சாகும் என்பதும் அதே ரிப்போர்ட்டில் இருந்தது, அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதினார்கள். ஏழு மாதம் கழித்து மறுபடி வந்தபோது, போன தடவை மருந்து மீதி இருக்கிறதே என்று கொடுக்காமல் மறுபடி கல்ச்சர் எடுத்தோம். கிருமி அதேதான், ஆனால் பழைய மருந்து அதற்குக் கேட்காது என்று வந்தது. கல்ச்சர் செலவு கூடுதல்தான், ரிசல்ட் வர மூன்று நான்கு நாளும் ஆகும். ஆனாலும் நான் தயங்காமல் எடுக்கச் சொல்வேன்.

இப்போது அம்முவுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிறுநீரும் ரத்தமும் பார்க்கிறோம். அடுத்த தேதி வரும் 12. அவளுக்குக் கூடைக்குள் போகப் பிடிக்காது, அதனால் கூடையைத் திறந்து ஹாலில் இப்போதே வைத்துவிட்டேன். உள்ளே பஞ்சு படுத்துத் தூங்குகிறான்.