வாரம் ஒரு பகுதி என்றால் எது? ஃப்ரீரெனும் அபோதிகரி டயரீஸும்

2023 அக்டோபர் பருவத்தின் புதிய அனிமேக்களில் (ஜப்பானிய அசைபடத் தொடர்களில்) ஒன்றை மட்டுமே வாரந்தோறும் தொடர நேரமிருந்தவர்களுக்கு, ஜப்பானின் நிப்பான் டிவி தேர்வைக் கடினமாக்கியது. செப்டம்பர் 29 வெள்ளி இரவு, வழக்கமாகத் திரைப்படம் ஒளிபரப்பாகும் நேரத்தில், 'ஃப்ரீரென்: பியாண்ட் ஜர்னீஸ் எண்ட்' தொடரின் முதல் நான்கு பகுதிகளும் இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாக வந்தன. மூன்று வாரம் கழித்து, சனி நள்ளிரவு தாண்டிய வேளையில், 'தி அபோதிகரி டயரீஸ்' மூன்று பகுதிகளோடு தொடங்கியது. நான் ஃப்ரீரெனை வாராவாரம் பார்ப்பது என்றும், மற்றதைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

ஓவியத்தரம், இசை, குரல் நடிப்பு ஆகியவற்றை வைத்து இவ்விரண்டுக்கும் இடையே முடிவெடுக்க இயலாது. இரண்டுமே பருவத்தின் மேல்வரிசையில் நிற்பவை. 'அபோதிகரி டயரீஸ்' தொடரில் அரண்மனைப் பணிப்பெண்ணாக இருக்கும் மருந்தறிந்த நாயகி மாவோமாவோவுக்குக் குரல் கொடுக்கும் யூகி ஆவோய், எதிலும் பற்றில்லாத குரலில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, நஞ்சு என்ற பேச்சு எழுந்ததும் துள்ளி எழுவது கேட்கக் கேட்கச் சலிக்காதது. என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே விழும் ஏழு நாள் இடைவெளியை எந்தக் கதை தாங்குகிறது என்பது.

ஃப்ரீரெனின் முதல் பகுதியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அரக்க வேந்தனை வென்று திரும்பிய நால்வர் விண்கல் மழையைப் பார்க்கிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்து இதைவிட நல்ல இடத்திலிருந்து காட்டுவதாக அவர்களில் ஒருத்தியான, மனிதர்களைவிடப் பன்மடங்கு நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப் இன மந்திரவாதி ஃப்ரீரென் சொல்லிச் செல்கிறாள். சொன்னபடியே திரும்பி வரும்போது, நால்வரில் ஒருவனான வீரன் ஹிம்மெல் தலை வழுக்கையாகி, உடல் குறுகிய கிழவனாக நிற்கிறான். அவனுடைய இறுதிச் சடங்கில்தான், அவனை அறிந்துகொள்ள ஏன் முயலவில்லை என்று அவள் கண்ணீர் விடுகிறாள். அருமையான பகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தனை உணர்ச்சியையும் தொடக்கத்திலேயே செலவழித்துவிட்டால் மீதிக்கு என்ன இருக்கும் என்ற கவலையும் கூடவே வந்தது.

அந்தக் கவலையைத் தீர்த்தது மூன்றாம் பகுதி. எண்பது ஆண்டுகளுக்கு முன் முத்திரையிட்டு அடைக்கப்பட்ட குவால் என்னும் அரக்கன் விடுபடுகிறான். அவன் கண்டுபிடித்த கொலை மந்திரத்துக்கு அன்று எதிர்ப்பே இல்லை. ஆனால் அவன் அடைபட்டிருந்த காலத்தில் மனிதர்கள் அதை ஆராய்ந்து, தடுக்கும் வழியையும் கண்டு, தங்கள் மாணவர்களுக்குப் பாடமாகவே ஆக்கிவிட்டார்கள். குவால் ஏவிய மந்திரத்தை ஃப்ரீரெனின் மாணவியான சிறுமி ஃபெர்ன் வழக்கமான தற்காப்பு மந்திரத்தால் தடுத்துவிட்டு, இது சாதாரணத் தாக்குதல் மந்திரம்தானே என்று வியக்கிறாள். முதல் பகுதியில் ஒரு மனிதனின் முதுமையாக வந்த காலம், இங்கே ஒரு கலையின் வளர்ச்சியாக வருகிறது. அழுகையே இல்லாமல் அதே கருத்து முற்றிலும் வேறொரு வடிவம் எடுக்கிறது. இப்படி ஒவ்வொரு வாரமும் காலத்தின் வேறொரு முகத்தைக் காட்ட முடிந்த கதைக்குப் பொருள் தீராது. மேலும், ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் முடிந்துவிடுவதால், நடுவில் ஏழு நாள் போனாலும் எதுவும் அறுந்துபோவதில்லை. ஊறப்போட்டு நினைக்க அந்த நாட்கள் உதவவே செய்கின்றன.

அபோதிகரி டயரீஸின் இன்பம் துப்பறிவதில் இருக்கிறது. குழந்தைகளின் நோய்க்கு முகப்பூச்சில் கலந்த நஞ்சே காரணம் என்று மாவோமாவோ கண்டுபிடிப்பதும், பணிப்பெண்கள் கூட்டத்தில் அவளைப் பிரித்தெடுக்க அந்தப்புர அதிகாரி ஜின்ஷி ஓர் எழுத்துப் பலகையை உயர்த்திக் காட்டி, படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று அறிந்துகொள்வதும் கூர்மையாக எழுதப்பட்ட காட்சிகள். ஆனால் இந்தக் கதையின் இழைகள் பகுதிகளைத் தாண்டி ஓடுகின்றன. முதல் பகுதியில் எச்சரிக்கை பெற்ற அரசி லிஹுவாவின் நிலை என்னவாயிற்று என்பது நான்காம் பகுதியில்தான் திரும்ப வருகிறது. அந்தப்புரத்தின் மாளிகைகள், அரசியர், அவரவர் தோழியர், யாருக்கு யாரிடம் பகை என்பதையெல்லாம் வாரக்கணக்கில் நினைவில் வைத்திருப்பதைவிட, பத்துப் பகுதிகளைச் சேர்த்துப் பார்த்தால் துப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் சுவை கிடைக்கும். மூல நாவலை நான் படித்ததில்லை. படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் எழாமல் இருக்கலாம்.

என் வாதத்துக்கு ஒரு குறையும் உண்டு. ஏழாம் பகுதியிலிருந்து ஃப்ரீரெனும் அரக்கத் தூதர்கள் வந்திறங்கிய நகரத்தை மையமாக்கி, வாரம் தாண்டி நீளும் கதைக்குள் நுழைகிறது. அந்தப் பகுதி தன்னளவில் முடியாமல் நின்றபோது இடைவெளி எனக்குமே நீளமாகத் தெரிந்தது. ஆயினும் அங்கே நடப்பது ஒரே மோதல் என்பதால் நினைவுக்குச் சுமை ஏறவில்லை.

மூன்றாவதாகப் பலர் சொல்லும் 'ஷாங்ரி-லா ஃபிரான்டியர்' தொடரில் தொடக்கப் பகுதிகளை மட்டுமே பார்த்தேன். வீடியோ கேம் விளையாடுபவர்கள் என்னைவிட அதிகம் ரசிப்பார்கள். அதை இவற்றோடு நிறுத்துப் பார்க்க எனக்கு அனுபவம் போதாது. இரண்டையும் பார்க்க வாய்ப்பிருந்தவர்களுக்கு அன்று நான் சொன்னது, வெள்ளிக்கிழமையை ஃப்ரீரெனுக்கு ஒதுக்கிவிட்டு, மாவோமாவோவைப் புத்தாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதே. அதற்குள் பத்துப் பகுதிகளுக்கு மேல் சேர்ந்திருந்தன.