வேலூரில் வீட்டு வரி பாக்கியும் ஜப்தி நோட்டீஸும்: இணையதளம், கவுன்டர், பில் கலெக்டர் பற்றிய மதிப்பீடு

வீட்டு வரி பாக்கிக்கு ஜப்தி நோட்டீஸ் வந்த வீட்டில் எடுத்த எடுப்பில் ஓடுவது அடகுக் கடைக்கு. அவசரப்பட வேண்டாம். வேலூர் வட்டாரத்தில் வரி பாக்கியைத் தீர்க்கக் கிடைக்கும் சேவைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டால் ஒன்று தெரியும். பணத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு நன்றாக இருக்கிறது. அந்தப் பணம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று சொல்லும் ஏற்பாடுதான் பலவீனம். ஆகவே கட்டுவதற்கு முன் கணக்கைப் பிரித்து வாங்குவதுதான் உங்கள் முதல் வேலை.

வாசலில் வந்து நிற்பவர் யார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கோர்ட் அமீனா என்றால் அவர் கையில் நீதிமன்ற உத்தரவு இருக்கும். புரோநோட்டுக் கடன், வாடகை வழக்கு போன்றவற்றில் தீர்ப்பு வந்து, நிறைவேற்று மனு போட்ட பிறகு வருபவர் அவர். அவரிடம் வழக்கு எண்ணைக் கேட்டுக்கொண்டு, சத்துவாச்சாரியில் உள்ள நீதிமன்ற வளாகத்தில்தான் மேற்கொண்டு பேச வேண்டும். வீட்டு வரிக்கு வருபவர் பில் கலெக்டர். அவருக்கு மேலே வருவாய் ஆய்வாளரும் வருவாய் அலுவலர்களும், எல்லோருக்கும் மேலே ஆணையரும் இருக்கிறார்கள். இந்த இரண்டு ஆட்களையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் வாசலில் தேவையில்லாமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு: போனில் மிரட்டி, தனிநபர் எண்ணுக்கு ஜிபே பண்ணச் சொல்பவர்கள். அவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். வரி தனிநபர் கணக்குக்குப் போவதே கிடையாது.

இணையதளம்: 5-க்கு 4

மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான ‘டிஎன் அர்பன் இ-பே’ தளத்தில் வரிவிதிப்பு எண்ணை, அதாவது உங்கள் வரிக் கணக்குக்குக் கொடுத்திருக்கும் எண்ணை, போட்டால் பாக்கி தெரிந்துவிடும். யுபிஐ, கார்டு, நெட் பேங்கிங் எதிலும் கட்டலாம். ரசீதும் அங்கேயே கிடைக்கும். வரிசையும் சில்லறைப் பிரச்சினையும் கிடையாது. நோட்டீஸ் கையில் இருக்கும்போது இந்தத் தளத்தால் கிடைக்கும் பெரிய உதவி வேறு: நோட்டீஸில் உள்ள தொகையும் தளத்தில் உள்ள தொகையும் ஒன்றுதானா என்று இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். வித்தியாசம் இருந்தால் அந்தத் திரையைத் தேதியோடு பிரின்ட் எடுத்து வையுங்கள். பின்னால் எழுதும் மனுவுக்கு அதுவே முதல் ஆதாரம்.

ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே வீட்டுக்குச் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். சொத்து வரியை முழுதாகக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். தண்ணீர் வரி பாக்கி தனியாக நின்று, ஒருநாள் இணைப்பைத் துண்டிக்க ஆள் வரும். எல்லா எண்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். வங்கியில் பணம் கழிந்து ரசீது வரவில்லை என்றால் உடனே மறுபடி கட்ட வேண்டாம். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, பணம் திரும்புகிறதா, வரவு வைக்கப்படுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். இரட்டைக் கட்டணத்தைத் திரும்பப் பெற நெடுநாள் அலைய வேண்டியிருக்கும். பெரும்பாலும் அடுத்த அரையாண்டு வரியில் கழித்துக்கொள்ளத்தான் சொல்வார்கள்.

கவுன்டர்: 5-க்கு 3½

வேலூர் மாநகராட்சியில் 4 மண்டலங்கள், 60 வார்டுகள். தலைமை அலுவலகம் இன்ஃபன்ட்ரி ரோட்டில் இருக்கிறது. ஆனால் வரிக் கணக்கு சம்பந்தமான கேள்விகளுக்கு உங்கள் வார்டு எந்த மண்டலத்தில் வருகிறதோ அந்த அலுவலகம்தான் சரியான இடம். காட்பாடிக்காரர் இன்ஃபன்ட்ரி ரோடு வரை வந்து திரும்பிப் போவது வீண்.

பாக்கி பெரிதாக இருந்து மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு இணையதளத்தைவிடக் கவுன்டரே மேல். பழைய அரையாண்டில் தொடங்கி வரிசையாக, ஒவ்வொரு அரையாண்டாகக் கட்டி ரசீது வாங்கலாம். தவணை கேட்பது உரிமையல்ல, வேண்டுகோள்தான். அதனால் முதலில் இரண்டு மூன்று அரையாண்டுக்கான தொகையைக் கட்டி, அந்த ரசீதை இணைத்து ‘மீதியை இந்த மாதத்துக்குள் கட்டுகிறேன்’ என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். வெறும் கையோடு தவணை கேட்பவருக்கும், பாதி கட்டிவிட்டுக் கேட்பவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது. காசோலை கொடுத்தால், அது வங்கியில் பணமான பிறகுதான் ரசீது செல்லுபடியாகும். திரும்பி வந்தால் வரி பாக்கியோடு காசோலை வழக்கும் சேர்ந்துகொள்ளும். கணக்கில் பணம் இல்லாமல் காசோலை நீட்டவே வேண்டாம்.

பில் கலெக்டரின் கணக்கு: 5-க்கு 2

இங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

சொத்து வரி ஆண்டுக்கு இரண்டு தடவை: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி மாதத்துக்கு 1 சதவீதம் தனிவட்டி. வட்டிக்கு வட்டி கிடையாது. அதோடு, ஒவ்வொரு அரையாண்டின் வட்டியும் அந்தந்த அரையாண்டில் தொடங்கித்தான் ஓட வேண்டும்.

கணக்குப் போட்டே பார்ப்போம். அரையாண்டு வரி 1,200 ரூபாய். 2023 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை 6 அரையாண்டு பாக்கி. எளிமைக்காக இடையில் வரி உயரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அசல் 7,200. வட்டி மே மாதத்திலும் நவம்பரிலும் தொடங்குவதாகப் பார்த்தால், முதல் அரையாண்டுக்கு 35 மாதம், அடுத்தவற்றுக்கு 29, 23, 17, 11, 5. கூட்டினால் 120 மாதம். மாதத்துக்கு 12 ரூபாய் வீதம் வட்டி 1,440. ஆக மொத்தம் 8,640. இதையே 7,200 முழுவதற்கும் 35 மாதம் என்று போட்டால் வட்டி 2,520 ஆகிவிடும். 1,080 ரூபாய் கூடுதல். பிரித்துக் காட்டாமல் மொத்தத் தொகை மட்டும் எழுதிய நோட்டீஸைப் பார்த்து எந்தக் கணக்கு என்று சொல்லவே முடியாது. அரையாண்டு வாரியாக அசல், வட்டி, மாத எண்ணிக்கை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, இல்லாத பாக்கி. இது நான்கு வழிகளில் வரும். பாகப்பிரிவினையில் வீடு அண்ணன் தம்பிக்குப் பிரிந்து புது எண்கள் கொடுத்தாயிற்று. பழைய எண்ணை ரத்து செய்யவில்லை. அது பாட்டுக்கு வரி ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, மனைக்குக் காலி மனை வரி இருந்தது, வீடு கட்டி வீட்டு வரியும் விழுந்தது, காலி மனைக் கணக்கை மூடவில்லை. மூன்றாவது, காட்பாடி, தாராபடவேடு, சத்துவாச்சாரி போல முன்பு தனி உள்ளாட்சியாக இருந்து பின்னால் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில், பழைய அலுவலகத்தில் கட்டிய ரசீது புதிய கணக்கில் ஏறாமல் போயிருக்கலாம். மஞ்சள் பூத்த பழைய ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான்காவது, கீழே கடை வைத்திருந்து மூடிவிட்டுக் குடியிருப்பாக மாற்றிய இடம் இன்னும் வணிகக் கட்டணத்திலேயே இருக்கும்.

கடைசிக் காரணத்தின் கனம் 2022 வரி உயர்வுக்குப் பிறகு கூடியிருக்கிறது. சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் அந்த உயர்வு குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடத்துக்கு நேரடியாக 100. ஆக, 580 சதுர அடி வீடு கடை என்று பதிவாகியிருந்தால் 25-க்குப் பதில் 100 சதவீத உயர்வு விழுந்திருக்கும். எல்லைக் கோட்டில் இருப்பவர்களும் அளந்து பார்ப்பது நல்லது. 1,195 சதுர அடி வீடு 1,210 என்று பதிவாகியிருந்தாலே படி மாறிவிடும். கட்டட அனுமதி வரைபடத்தில் உள்ள பரப்பையும் வரிக் கணக்கில் உள்ள பரப்பையும் ஒப்பிடுங்கள். தவறு என்றால் மறுஅளவு கேட்டு ஆணையருக்கு மனு கொடுக்கலாம். ஆனால் மனு நிலுவையில் இருப்பதாலேயே ஜப்தி நின்றுவிடாது. தகராறு இல்லாத பகுதியைக் கட்டிவிட்டு, மீதிக்கு மட்டும் ஆட்சேபம் சொல்வதே பாதுகாப்பு.

ஜப்தி நடவடிக்கை

முறையாகப் பார்த்தால் முதலில் கேட்புச் சீட்டு, பிறகு டிமாண்ட் நோட்டீஸ், அதில் கொடுத்த கெடு முடிந்த பிறகே வாரன்ட். 2023 ஏப்ரல் வரை இருந்த 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் அந்தக் கெடு 15 நாளாக இருந்தது. நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் கொடுக்கப்பட்டது, யார் கையெழுத்து, என்ன தேதி, எந்த வரிவிதிப்பு எண் என்ற நான்கும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் ஒட்டிவிட்டுப் போனால் ஒட்டியபடியே தேதி தெரியப் படம் எடுங்கள். கிழித்து எறிவதால் கெடு நிற்காது.

பொருளை எடுக்க வந்தால் ஆணையர் கையொப்பமிட்ட வாரன்டைக் காட்டச் சொல்லுங்கள். உடுத்தும் துணி, படுக்கை, சமைக்கிற சாப்பிடுகிற பாத்திரம், தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏர்க் கருவிகள், விதை நெல் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது என்பது உள்ளாட்சிச் சட்டங்களில் பழங்காலமாக இருந்துவரும் கட்டுப்பாடு. தையல் மெஷினே பிழைப்பு என்றால் அதை அப்போதே வாய்விட்டுச் சொல்லி, எழுத்திலும் பதியச் சொல்லுங்கள். எடுக்கும் பொருளின் மதிப்பு பாக்கியும் செலவும் சேர்ந்த தொகையை ஒட்டித்தான் இருக்க வேண்டும். 9,000 ரூபாய்க்கு வீட்டையே காலி செய்ய முடியாது. எடுத்த பொருட்களின் பட்டியல் ஒரு பிரதி உங்களுக்கு வந்தாக வேண்டும். ஏலத்துக்கு முன் பாக்கியையும் செலவையும் கட்டிப் பொருளை மீட்கலாம். கைகலப்புக்குப் போவது மட்டும் கூடாது. வரிப் பிரச்சினை போலீஸ் வழக்காகி, நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் இழுத்தடிக்கும்.

வீட்டுப் பொருளை எடுக்கவில்லை என்பதால் பாக்கி கரைந்துபோனதாக நினைக்க வேண்டாம். சொத்து வரி அந்தச் சொத்தின் மேலேயே முதல் பொறுப்பாக ஏறி நிற்கிறது. விற்றாலும் போகாது, வாங்கியவர் தலையில் விழும். பெயர் மாற்றத்துக்கும் கட்டட அனுமதிக்கும் போகும்போது பாக்கியில்லா ரசீது கேட்பார்கள். பழைய வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு வரிவிதிப்பு எண்ணையும் வாங்கி, தளத்தில் போட்டுப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

மாநகராட்சிக் கடையை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் கதை வேறு. அங்கே பாக்கி வரியல்ல, வாடகை. நேரே கடைக்குச் சீல் வைப்பார்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் உள்ள நிபந்தனைதான் பேசும்.

எழுத்தில் பதில்

நோட்டீஸ் வந்தால் பேசித் தீர்ப்பதைவிட ஒரு பக்க மனு மேல். ஆணையர் பெயருக்கு, இவ்வளவு எழுதினால் போதும்:

‘மேற்படி வரிவிதிப்பு எண்ணுக்கு ரூ. ___ நிலுவை எனத் ___ தேதியிட்ட அறிவிப்பு கிடைத்தது. அரையாண்டு வாரியாக அசல், வட்டி, வட்டிக்கான மாதங்கள் ஆகிய விவரம் வழங்க வேண்டுகிறேன். ___ முதல் ___ வரையிலான காலத்துக்கு ஏற்கெனவே செலுத்திய ரசீதுகளின் நகல் இணைத்துள்ளேன். ஆட்சேபம் இல்லாத தொகை ரூ. ___ இன்று செலுத்தப்பட்டது. ரசீது நகல் இணைப்பு. விவரம் கிடைக்கும்வரை மேல்நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டுகிறேன்.’

இரண்டு பிரதி எடுத்து, தபால் பிரிவில் ஒன்றைக் கொடுத்து மற்றதில் தேதி முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். பில் கலெக்டர் கையில் கொடுத்த மனுவுக்கு ஆதாரமே இருக்காது. அசல் ரசீதை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

குறை சொல்லும் வழிகள்: 5-க்கு 3

முதல்வரின் உதவி எண் 1100-இல் பதிவு செய்தால் மனு எண் கிடைக்கும். மனு சுற்றிவிட்டு அதே அலுவலகத்துக்கே வரும் என்றாலும், பதில் எழுதியாக வேண்டிய கட்டாயம் உருவாகிறது. திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டமும் அப்படித்தான். முத்திரை வாங்கிய மனுவின் நகலோடு போனால் மட்டுமே பலன். கணக்கு விவரம் கொடுக்காமல் இழுத்தால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். ஜப்தி நெருங்கிவிட்டது, வக்கீல் வைக்க வசதியில்லை என்பவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. ரசீது இல்லாமல் ‘பார்த்து முடித்துத் தருகிறேன்’ என்று யார் பணம் கேட்டாலும், அதைச் சொல்ல வேண்டிய இடம் லஞ்ச ஒழிப்புத் துறை.

பாக்கி முழுவதையும் கட்டிய பிறகு ஒரு வாரம் விட்டு, எல்லா எண்களையும் தளத்தில் மறுபடி போட்டுப் பாருங்கள். பூஜ்யம் என்று காட்டும் திரையைப் பிரின்ட் எடுத்து, ரசீதோடு சேர்த்துக் குத்தி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.