ராமநாதபுரக் கடலோரத்துக்கு முதல் டூயல் ஸ்போர்ட் வண்டி: எக்ஸ்பல்ஸா, ஹிமாலயனா, வி-ஸ்ட்ராமா?

டூயல் ஸ்போர்ட் என்றால் தாரிலும் மண்ணிலும் ஓட்டுவதற்கென்று செய்த வண்டி. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம் கரையில் ஓட்டுகிறவருக்கு மூன்று விதமான தரை வாய்க்கும். ஈசிஆர் தார், கண்மாய்க் கரையின் இறுகிய மண், மீனவக் கிராமங்களுக்குள் இறங்கினால் கணுக்கால் புதையும் மணல். தாரில் எந்த வண்டியும் ஓடும். கண்மாய்க் கரை நாலு நாளில் பழகிவிடும். புது ஆளைக் கீழே தள்ளுவது மணல்தான். அதனால் முதல் வண்டி வாங்குகிறவர்களிடம் குதிரைத்திறனை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். சாய்ந்து கிடக்கும் வண்டியை, பக்கத்தில் ஆள் இல்லாதபோது நீங்களே நிமிர்த்திவிட முடியுமா? அதுதான் முதல் கேள்வி.

இந்தக் கேள்வியில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி ஜெயிக்கிறது. எடை ஏறக்குறைய 160 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பழைய 411 என்றால் 199, புது 450 என்றால் 196. அந்த நாற்பது கிலோ ரோட்டில் தெரியவே தெரியாது. மணலில் ஹேண்டில்பார் புதைந்து கிடக்கும்போதுதான் தெரியும். தூக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் இன்ஜினை நிறுத்துங்கள், முதல் கியரில் போடுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, காலால் உந்திப் பின்னோக்கி நடங்கள். முதுகை வளைத்துத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நிமிர்த்தியதும் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான பனைமட்டைத் துண்டு ஒன்றைக் கொடுங்கள். இல்லையென்றால் ஸ்டாண்டு மணலுக்குள் இறங்கி வண்டி திரும்பவும் சாயும்.

மணலில் எக்ஸ்பல்ஸுக்கு இன்னொரு பலம் சக்கரம். முன்னால் 21 இஞ்ச், பின்னால் 18. ஹிமாலயனிலும் முன்சக்கரம் 21தான், பின்னால் 17. சுஸுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸில் முன்னால் 19 இஞ்ச் அலாய். புதைமணலில் அது சீக்கிரம் புதையும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸை வி-ஸ்ட்ராமில் அணைக்கவும் முடியாது. சரளையில் இறங்கும்போது பின்சக்கரத்தைக் கொஞ்சம் பூட்டி நிறுத்த வேண்டிய இடத்தில் அது விடாது.

ஆனால் வி-ஸ்ட்ராமைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் சீமைக் கருவேலம். இந்த மாவட்டத்தில் தாரை விட்டு இறங்கினால் முள் நிச்சயம். எக்ஸ்பல்ஸில் ட்யூப் டயர். முள் ஏறினால் சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, ட்யூபை எடுத்து ஒட்ட வேண்டும். வெயிலில், நிழலில்லாத இடத்தில், புது ஆளுக்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும். வி-ஸ்ட்ராமின் ட்யூப்லெஸ் டயரில் முள்ளைப் பிடுங்கிப் பஞ்சர் திரியைச் செருகி, காற்றடித்துக் கிளம்பலாம். ஹிமாலயன் 450-க்கு ட்யூப்லெஸ் ஸ்போக் சக்கரமும் கிடைக்கிறது. வாங்கினால் அதையே கேட்டு வாங்குங்கள். எக்ஸ்பல்ஸ் எடுப்பவர் ஸ்பேர் ட்யூப், இரண்டு டயர் லீவர், கைப்பம்பு இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது. மணலுக்காகக் காற்றைக் குறைப்பதிலும் ட்யூப் டயரில் கவனம் வேண்டும்: ரொம்பவே குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி, வால்வு அறுந்துபோகும்.

உயரத்துக்கு வருவோம். எக்ஸ்பல்ஸ் சீட் 825 மில்லிமீட்டர், வி-ஸ்ட்ராம் 835. ஹிமாலயன் 450-இல் 825. தாழ்வான சீட்டைத் தனியாக வாங்கிப் போட்டால் இன்னும் கொஞ்சம் இறங்கும். பழைய 411-க்கு 800தான். ஐந்தடி நான்கங்குலம் உள்ளவருக்கு 411 மனசுக்குத் தைரியம் தரும், எடைதான் இடிக்கும். கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 வெறும் 139 கிலோ, மணலுக்கென்றே செய்த மாதிரி. ஆனால் சீட் 880, டேங்க் 7.6 லிட்டர். நல்ல உயரமானவர், பக்கத்தில் சர்வீஸ் எந்த ஊரில் என்று முதலில் விசாரித்துவிட்டு எடுக்கலாம்.

ரோடு என்று வந்தால் ஹிமாலயன் 450-ஐ அடித்துக்கொள்ள இவற்றில் ஆள் இல்லை. 40 பிஎஸ் சக்தி, 17 லிட்டர் டேங்க். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும்போது அந்தக் கனமே துணை. எக்ஸ்பல்ஸ் அங்கே லேசாக ஆடும். ஈசிஆரில் எண்பதைத் தாண்டியதும் பேருந்தை முந்த ரொம்ப யோசிக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை மதுரை போய்வருகிறவர் என்றால் எக்ஸ்பல்ஸ் வேண்டாம், ஹிமாலயன் 450-இன் எடை சிரமம் என்றால் வி-ஸ்ட்ராம் எடுங்கள். மற்றபடி ஊரைச் சுற்றி, தேவிபட்டினம், சேதுக்கரை, மூக்கையூர் என்று பழகப்போகிறவருக்கு எக்ஸ்பல்ஸ்தான். 2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210-இல் ரோட்டுக்கான குறை பெருமளவு தீர்ந்திருக்கிறது. கையில் காசிருந்தால் அதையே பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். பழகுவதற்கு தனுஷ்கோடி மணலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அரிச்சல்முனை வரை 2017-லிருந்து தார் இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆமைகள் முட்டையிடும் கரை அது. பூநாரைகளுக்கென்று 2025-இல் சரணாலயமும் அறிவித்திருக்கிறார்கள். கோடையில் வற்றிக் கிடக்கும் கண்மாயின் மணல் பகுதி, பனங்காட்டு வண்டிப்பாதை, இவை போதும். இரண்டாம் கியர், நின்றபடி ஓட்டம், முன்பிரேக்கில் விரல் வேண்டாம்.

எந்த வண்டியானாலும் உப்பு தின்னும். ஸ்போக் நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் திருகு), செயின், சைலன்சர் வளைவு, இந்த மூன்றில்தான் முதலில் துரு ஏறும். நம் ஊர் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பு, அதில் கழுவினால் கழுவாமலிருப்பதே மேல். அரை வாளி காவிரித் தண்ணீர் எடுத்து, துணியால் நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் செயினுக்கு மசகு (செயின் லூப்) அடியுங்கள். கடலோர ஊரில் ஓடிய செகண்ட் ஹேண்ட் 411 பார்க்கப் போனால், பெயின்டைப் பார்க்காமல் ஸ்போக்குகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்திருக்கிறது. பல ஸ்போக் அப்படியிருந்தால் சக்கரம் பின்னும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.