மாடியில் தையல் கடை, அதற்கொரு இணையத்தளம்: ஆறு ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரின் டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் பிளவுஸ் தைக்கிறேன். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கம் தொடங்கிக் கடையை மூடியபோதுதான் இணையத்தளம் வேண்டும் என்ற எண்ணமே வந்தது. தெரிந்தவர் ஒருவர் செய்து கொடுத்தார். முதல் பக்கத்தில் படங்கள் தானாக நகரும். அப்போது அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பட்டது பிறகுதான். அவர் டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவருக்கே போயின. அவரோ கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டார். 2022 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தளம் காணாமல் போனது. அந்த முகவரியை அச்சடித்த பைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொரு பையிலும் ஸ்டிக்கர் ஒட்டினோம், நானும் என் உதவியாளரும், இரவு பதினொரு மணி வரை.

அடுத்த முறை சிங்கப்பூர்த் தொழில்களுக்கான டாட் காம் டாட் எஸ்ஜி (.com.sg) முகவரி வாங்கினேன். தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிந்த தொழில் இருக்க வேண்டும், அரசின் மின்னடையாளச் சேவையான சிங்பாஸில் நுழைந்து உறுதிப்படுத்த வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் இப்போது சாவி என் கையில் இருக்கிறது. நம் மொழியிலேயே '.சிங்கப்பூர்' என்று முடியும் முகவரிகூட உண்டு. ஆசை இருந்தது. ஆனால் என்னிடம் பாஜு குரோங் என்ற மலாய் உடை தைக்க வரும் மலாய்க்கார அக்கா அதை எப்படித் தட்டுவார்? விட்டுவிட்டேன்.

தொடர்புப் படிவத்தால் எனக்குப் பயன் இல்லை. மூன்று மாதம் யாருமே எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஸ்பேம் பெட்டியில் கிடந்தன. படிவத்தை எடுத்துவிட்டு வாட்ஸ்அப் பொத்தான் வைத்தேன். அதிலும் முதலில் ஒரு பிழை: எட்டு இலக்க எண்ணை மட்டும் கொடுத்திருந்தேன். முன்னால் சிங்கப்பூரின் குறியீட்டு எண் 65 சேர்த்த பிறகுதான் இணைப்பு வேலை செய்தது. வாட்ஸ்அப் பிசினஸில் எனக்குப் பிடித்தது தானியங்கிப் பதில். 'அக்கா, வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா?' என்று நள்ளிரவில் கேட்பவருக்கு, காலை 11 மணிக்குக் கடை திறக்கும் என்று அதுவே சொல்லிவிடும்.

விலையை எழுதலாமா கூடாதா என்று வெகுநாள் யோசித்தேன். பக்கத்துக் கடை பார்த்துவிடுமே என்ற பயம். லைனிங் வைத்தால் இத்தனை வெள்ளி, வைக்காவிட்டால் இத்தனை என்று எழுதிய பிறகு வெறும் விலை கேட்கும் அழைப்புகள் குறைந்தன. வருபவர்கள் துணியோடு வருகிறார்கள்.

கூட்டாகச் சலுகைச் செய்தி அனுப்பும் பழக்கத்தையும் நிறுத்திவிட்டேன். 'என் எண் எப்படிக் கிடைத்தது?' என்று ஒருவர் கேட்டதும் சுருக்கென்றது. விளம்பரம் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதியும் 'அழைக்க வேண்டாம்' பதிவேடு குறுஞ்செய்திக்கும் வாட்ஸ்அப்புக்கும் பொருந்தும் என்பது அப்போதுதான் தெரியவந்தது. இப்போது அளவு எடுக்கும் நோட்டிலேயே, 'செய்தி அனுப்பலாமா?' என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

வாடிக்கையாளர்கள் அதிகம் பேசுவது எந்தப் படத்தைப் பற்றி தெரியுமா? பிளவுஸ் படங்கள் இல்லை, படிக்கட்டுப் படம். ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்து, ஐந்தடிப் பாதையில் நின்று, 'அக்கா, எங்கே ஏறணும்?' என்று தினமும் யாராவது அழைப்பார்கள். நாணயமாற்றுக் கடைக்கும் மினிமார்ட்டுக்கும் நடுவே இருக்கும் பச்சைக் கதவை என் கைப்பேசியிலேயே படமெடுத்து முதல் பக்கத்தில் போட்டேன், கூகல் மேப்ஸிலும் சேர்த்தேன். அழைப்பு நின்றது.

போன மாதம் வீட்டுக்காரர் கதவுக்கு நீலம் அடித்துவிட்டார். இனி புதுப் படம் எடுக்க வேண்டும்.